உள்ளூர்த் தமிழ் இதழ்களில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதுவது: எப்படி எழுதினால் பயன்படும்?

தேக்காவாசி | 3 நவம்பர் 2025

நண்பர்களே, வணக்கம். உங்கள் அனுபவத்திலிருந்து கொஞ்சம் உதவி வேண்டும்.

தீபாவளிக்கு முன்னால், இங்கே சிங்கப்பூரில் வரும் ஒரு தமிழ் இதழுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்ற செய்திதான் தூண்டுதல். விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத பழைய மடிக்கணினிகள் நம் வீடுகளில் எத்தனை கிடக்கின்றன! அவற்றைத் தூக்கிப் போடாமல் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்று நாலு பேருக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். இந்தத் தீவில் வருடத்துக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. அதில் நம் வீட்டுப் பங்கையாவது குறைக்கலாமே என்ற எண்ணம்.

மூன்று இரவு உட்கார்ந்து 1,200 சொல் எழுதினேன். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்ததில் தொடங்கி, 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டது, ஜிபிஎல் என்ற மென்பொருள் உரிமம் தரும் நான்கு சுதந்திரங்கள் (இயக்க, படித்து மாற்ற, பகிர, மாற்றியதையும் பகிர), 2010-ல் ஓப்பன்ஆஃபிஸ் என்ற அலுவலகத் தொகுப்பிலிருந்து லிப்ரேஆஃபிஸ் பிரிந்த கதை என்று எல்லாம் இருந்தது. பழைய மடிக்கணினி விஷயம் கடைசிப் பகுதியில்.

அச்சில் வந்தது 350 சொல். தலைப்பு ‘இலவச மென்பொருள்கள்’. வரலாறு இருந்தது, மடிக்கணினி போய்விட்டது. கீழே என் கைப்பேசி எண்ணைப் போட்டிருந்தார்கள். இரண்டே அழைப்புகள். ஒருவர், விலை கொடுத்து வாங்கும் படத்தொகுப்பு மென்பொருளைப் பூட்டு உடைத்துத் தர முடியுமா என்று கேட்டார். இன்னொருவர் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு பெரியவர். “தம்பி, என்கிட்டயும் பழைய கணினி ஒண்ணு இருக்கு. இதை யாருப்பா போட்டுக் குடுப்பாங்க?” என்றார். “இணையத்தில் வழிகாட்டி இருக்கு ஐயா” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் “சரிப்பா” என்று வைத்துவிட்டார். அது மனதை விட்டுப் போகவில்லை.

டிசம்பர் இதழுக்கு இன்னொரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். இந்த முறை வீணாக்கக் கூடாது. எப்படி எழுதட்டும்?


நாளிதழ்க்காரர் | 3 நவம்பர் 2025

தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேல் பத்திரிகை மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கட்டுரையை வெட்டியவர் மேல் கோபப்படாதீர்கள். என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

பக்கத்தில் விளம்பரம் போக மிச்சம் இருக்கும் இடம் எவ்வளவு என்பது இரவு வரைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். 1,200 சொல் வந்தால் மேசையில் இருப்பவர் முழுவதையும் படித்துச் சுருக்கி எழுத நேரம் இருக்காது. கீழிருந்து வெட்டுவார். காலங்காலமாக இதுதான் வழக்கம். நீங்கள் மிக முக்கியமானதைக் கடைசியில் வைத்தீர்கள், அதுதான் முதலில் போயிற்று. மேடைப் பேச்சுக்கு அந்த வரிசை சரி, பத்திரிகைக்குச் சரிவராது. வாசகருக்கு எது வேண்டுமோ அதை முதல் பத்தியிலேயே போட்டுவிட வேண்டும்.

இன்னொன்று. இங்கே தமிழ் அச்சைக் கையில் எடுத்துப் படிப்பவர் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தமிழ் முரசு 1935-லிருந்து வருகிறது. அதை அப்பா கையில் பார்த்து வளர்ந்து, இன்று அறுபதைத் தாண்டியவர்கள் ஒரு கூட்டம். பிள்ளைகளின் தமிழுக்காக வாங்கும் பெற்றோர்கள், தமிழாசிரியர்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) வரும் நம் ஊழியர்கள். இவர்களில் யாருக்கு ஸ்டால்மனைத் தெரிய வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது? ஆனால் இவர்கள் ஒவ்வொருவருக்கும் கணினியில் ஏதோ ஒரு வேலை மாட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த வேலையிலிருந்து தொடங்குங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு வேலை, ஒரு மென்பொருள் போதும். பத்து மென்பொருள் பெயரை அடுக்கினால் வாசகருக்கு ஒன்றும் நினைவில் நிற்காது.

நானூறு சொல்லுக்கு மேல் போகாதீர்கள். பிடிஎஃப் அனுப்பாதீர்கள், யூனிகோடில் தட்டிய வெறும் உரையாக அனுப்புங்கள். திரைப்படம் எடுத்து அனுப்பினால் (கணினித் திரையின் படத்தைச் சொல்கிறேன்) முழுத்திரையை அனுப்பாமல் தேவையான மூலையை மட்டும் பெரிதாக அனுப்புங்கள். முழுத்திரையை இரண்டு பத்தி அகலத்துக்குச் சுருக்கினால் எழுத்து எறும்பு போல ஆகிவிடும்.


பொங்கோல் பையன் | 4 நவம்பர் 2025

உள்ளூர் உதாரணம் வேண்டுமென்றால் கையிலேயே இருக்கிறது. அரசாங்கத்தின் ஃபார்ம்எஸ்ஜி படிவத்தை இங்கே நிரப்பாதவர் யார்? அதன் மூலநிரல் (மென்பொருளை எழுதிய நிரல்) கிட்ஹப் என்ற தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. கொவிட் காலத்தில் தொடர்புகளைத் தடமறிய வந்த டிரேஸ்டுகெதர் செயலியின் அடிப்படையை 2020 ஏப்ரலில் ஓப்பன்டிரேஸ் என்ற பெயரில் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டார்கள். “நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்கள்” என்று சொன்னாலே பாதி பயம் போய்விடும்.


ஜூரோங் டீச்சர் அக்கா | 4 நவம்பர் 2025

நாளிதழ்க்காரர் ஐயா சொன்ன ‘ஒரு வேலை’க்கு என் கதையைச் சொல்கிறேன், தம்பி வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

நான் வீட்டில் துணைப்பாடம் நடத்துகிறேன். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்குக் கேட்டல் கருத்தறிதல் பயிற்சி கொடுக்க ஒலிப்பதிவு வேண்டும். முன்பெல்லாம் நானே பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். ஒவ்வொரு முறையும் வேகம் மாறும், ஐந்தாவது பிள்ளைக்கு வாசிக்கும்போது தொண்டை கட்டிவிடும். என் மகன் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். இப்போது கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து, கணினியில் திறக்கிறேன். எங்கள் வீட்டில் கூரை விசிறி சத்தம் எல்லாப் பதிவிலும் விழும். நான் பேசத் தொடங்குமுன் இருக்கும் இரண்டு விநாடியை மட்டும் தேர்ந்தெடுத்து, ‘இதுதான் இரைச்சல்’ என்று மென்பொருளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, முழுப் பதிவுக்கும் இரைச்சல் நீக்கலைப் போட்டால் விசிறி காணாமல் போகிறது! அப்புறம் கேள்விகளுக்கு நடுவில் பத்துப் பத்து விநாடி மௌனம் செருகுகிறேன். ஒரு பயிற்சி அரை மணி நேரத்தில் தயார். இதற்காக நான் ஒரு காசும் கொடுக்கவில்லை. ஆனால் எனக்கு முக்கியம் காசு இல்லை, என் மாணவர்களின் அம்மாக்கள் கேட்டால் தயங்காமல் “நீங்களும் போட்டுக்கோங்க” என்று கொடுக்க முடிகிறது பாருங்கள், அதுதான்.

‘இலவசம்’ என்ற சொல் எனக்கும் பிடிக்கவில்லை. பேரங்காடியில் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விளக்கம் கோலம். மார்கழி மாதத்தில் இதழ்களில் கோலம் போடுவார்கள் அல்லவா, படத்துக்குக் கீழே ‘ஊடுபுள்ளி 15-லிருந்து 8 வரை’ என்று இருக்கும். அந்த ஒரு வரி இருந்தால் யாரும் தன் வாசலில் போடலாம், புள்ளியைக் கூட்டிப் பெரிதாக்கலாம், நடுவில் தாமரைக்குப் பதில் விளக்கு வைக்கலாம், அடுத்த வீட்டுக்கும் சொல்லித்தரலாம். புள்ளிக் கணக்கைக் கொடுக்காமல் கோலத்தின் மேல் கண்ணாடி போட்டு மூடி, “பார்க்க மட்டும், தொடாதே” என்றால் அது மற்ற மென்பொருள். உயர்நிலை ஒன்று படிக்கும் பிள்ளைக்குச் சட்டென்று புரிந்தது.


தேக்காவாசி | 4 நவம்பர் 2025

அக்கா, புள்ளிக் கணக்கு! நான்கு சுதந்திரத்துக்கு நான் முந்நூறு சொல் செலவழித்தேன். இதை எடுத்துக்கொள்ளலாமா?


ஜூரோங் டீச்சர் அக்கா | 4 நவம்பர் 2025

தாராளமாக. என் பெயர் மட்டும் வேண்டாம்.


வரவு செலவு | 5 நவம்பர் 2025

எல்லாரும் நல்லதையே சொல்கிறீர்கள். கணக்காளன் என்ற முறையில் குறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்திரிகையை நம்பிப் போட்டுவிட்டு வாசகர் ஏமாந்தால் அடுத்த கட்டுரையை அவர் படிக்க மாட்டார்.

என் அலுவலகத்தில் லிப்ரேஆஃபிஸை ஒரு வருடம் பயன்படுத்தினேன். கடிதம், சிறு பட்டியல், பிடிஎஃப் ஆக்குவது எல்லாம் குறையில்லை. ஆனால் வாடிக்கையாளர் அனுப்பும் எக்செல் கோப்பில் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைகள்) இருந்தால் தகராறு. வேர்டில் அழகாக அமைத்த அட்டவணை இங்கே திறந்தால் ஒரு வரி கீழே இறங்கிவிடும். இரண்டு பக்கமும் மாறி மாறித் திருத்த வேண்டிய கோப்பு என்றால் நான் இன்றும் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸைத்தான் திறக்கிறேன். வீட்டுக்கு லிப்ரேஆஃபிஸ். இப்படிப் பிரித்துச் சொல்லுங்கள், நம்புவார்கள்.

அதேபோல விண்டோஸ் 10 நாளையே நின்றுவிடும் என்று பயமுறுத்தாதீர்கள். வீட்டுப் பயனர்கள் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அந்த ஒரு வருடத்தை யோசிப்பதற்கான அவகாசமாகச் சொல்லலாம்.


ஈசூன் அப்பா | 5 நவம்பர் 2025

நான் கணினிப் பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன். நீங்கள் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது, சிங்கப்பூரில் அதைத் தொடாமல் இந்தக் கட்டுரையை எழுதவே கூடாது என்பது என் கருத்து.

நம் மூத்தோர் காதில் இரண்டு மூன்று வருடமாக விழுந்துகொண்டே இருப்பது என்ன? “தெரியாத இடத்திலிருந்து எதையும் பதிவிறக்காதீர்கள்.” 2023-ல் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஏபிகே (செயலியை நிறுவும்) கோப்பைப் போடவைத்துச் சேமிப்பை வழித்தெடுத்த மோசடிகள் எத்தனை! காவல்துறை திரும்பத் திரும்ப எச்சரித்தது. 2024 பிப்ரவரியில் கூகலும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து, வெளியிலிருந்து போடப்படும் ஆபத்தான செயலிகளைத் தடுக்கும் முயற்சியை முதன்முதலில் இங்கேதான் சோதித்தார்கள். மோசடியா என்று கேட்க 1799 என்ற எண்ணே இருக்கிறது. இப்படிப் பழக்கிய வாசகரிடம் போய் “இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள், காசே வேண்டாம்” என்று எழுதினால் அவருக்கு அது மோசடிக்காரன் பேச்சாகத்தான் கேட்கும். அவர் அப்படி நினைப்பதுதான் சரியும்கூட.

தேடுபொறியில் தேடச் சொல்லாதீர்கள். 2022-ல் கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளைத் தேடியவர்களுக்கு விளம்பரமாக ஒரு போலித் தளம் மேலே வந்து, வைரஸைக் கொடுத்தது. அதிகாரபூர்வத் தளத்தின் முகவரியை எழுத்து எழுத்தாக அச்சிடுங்கள், வாசகரையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். கியூஆர் குறியீடு வசதிதான், ஆனால் கியூஆரை வைத்தும் ஏமாற்றுகிறார்கள் என்பதால் முகவரியும் பக்கத்தில் இருக்க வேண்டும். கைப்பேசிக்கான எஃப்-டிராய்ட் (கட்டற்ற செயலிகள் கிடைக்கும் தளம்) போன்றவற்றை முதல் கட்டுரையில் தொடவே வேண்டாம்.

அப்புறம் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: “மூலநிரலை எல்லாரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே?” பார்ப்பான். மழுப்பாமல் சொல்லுங்கள். 2024 மார்ச்சில் நடந்ததை நான் எல்லாருக்கும் சொல்வேன். எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருள், லினக்ஸ் கணினிகளில் பின்னணியில் இருப்பது. அதைப் பராமரிப்பவரின் நம்பிக்கையை வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சம்பாதித்த ஒரு ஆள், அதற்குள் பின்வாசல் ஒன்றை வைத்துவிட்டான். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தன் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று உறுத்தி, விடாமல் தோண்டினார். தோண்டிப் பார்க்க நிரல் திறந்திருந்தது. உலகம் முழுக்கப் பரவுமுன் பிடிபட்டது. திருடன் நுழைந்தான் என்பதும் உண்மை, தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்துக் கூச்சல் போட முடிந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


துவாஸ் குமரன் | 6 நவம்பர் 2025

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம். நான் புதுக்கோட்டைப் பக்கம், இங்கே வேலைக்கு வந்து ஆறு வருடம். விடுதியில் இருந்தபடி இதை வாசிக்கிறேன். நாளிதழ்க்காரர் ஐயா எங்களையும் வாசகராக எண்ணியது சந்தோஷமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வரைவாளர் ஆக வேண்டும் என்று ஆசை. தேக்கா பக்கம் ஒரு கடையில் பழைய மடிக்கணினி வாங்கினேன். விடுதியில் பென்டிரைவில் பூட்டு உடைத்த வரைபட மென்பொருள் சுற்றிக்கொண்டே இருக்கும். நானும் போட்டேன். பத்து நாளில் கணினி முழுக்க விளம்பரம், அப்புறம் திறக்கவே இல்லை. என் பக்கத்துப் படுக்கை அண்ணன்தான் லிப்ரேகேட், ஃப்ரீகேட் என்று இரண்டு கட்டற்ற வரைபட மென்பொருள் இருக்கிறது என்று சொன்னார். போன வருடம் நவம்பரில் ஃப்ரீகேட் 1.0 வந்தது, அதில்தான் இப்போது பழகுகிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். போன வாரம் நாங்கள் வேலை செய்யும் இடத்துப் படிக்கட்டின் கைப்பிடியை அளந்துவந்து வரைந்தேன்.

வேலைக்குப் போனால் அங்கே வேறு மென்பொருள் கேட்பார்கள், தெரியும். ஆனால் கோடு, அடுக்கு, அளவு குறிப்பது எல்லாம் எங்கே படித்தாலும் ஒன்றுதானே. திருட்டுப் பொருளில் பழகவில்லை என்ற நிம்மதி பெரிது. இதையும் ஒருநாள் எழுதுங்கள் அண்ணே. விடுதியில் தமிழ்த்தாள் ஒன்று வந்தால் பத்துப் பேர் கை மாறும்.


தேக்காவாசி | 6 நவம்பர் 2025

குமரன் தம்பி, அடுத்த கட்டுரை உங்களுடையது. நான் எழுதப்போவதில்லை, நீங்கள் எழுதுங்கள், நான் பிழை பார்த்து அனுப்புகிறேன்.


97 மாணவன் | 7 நவம்பர் 2025

பழைய ஞாபகம் ஒன்று. 1997 மே மாதம் இங்கே தமிழ்நெட் 97 என்ற தமிழ்க் கணினி மாநாடு நடந்தது. நா. கோவிந்தசாமி ஐயா கணினியில் தமிழுக்காக ஓடி ஓடி உழைத்த காலம். 1999-ல் அவர் மறைந்தார், 2000-இல் தமிழ் இணைய மாநாடு மறுபடி இங்கேயே நடந்தது, உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) அமைப்பும் அப்போதுதான் உருவானது. அன்று நாங்கள் தமிழில் ஒரு மின்னஞ்சல் அனுப்ப எழுத்துருவை நெகிழ்வட்டில் (ஃபிளாப்பி) வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவோம். படித்து யாரும் கற்றுக்கொள்ளவில்லை. ஒருவர் வீட்டில் போட்டுக் காட்டுவார், பார்த்தவர் தன் வீட்டில் போடுவார்.

பயர்பாக்ஸ் உலாவி விஷயமும் அப்படித்தான். 2004 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம் வந்தது, காசு போட்ட சுமார் பத்தாயிரம் பேரின் பெயரை அச்சடித்து. எல்லாரும் அந்த விளம்பரத்தைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பத்தாயிரம் பேரும் ஆளுக்கு எத்தனை கணினியில் கைப்படப் போட்டுக் கொடுத்திருப்பார்கள் என்று யோசியுங்கள். உங்கள் பெரியவர் கேட்டதும் அதைத்தானே? யார் போட்டுக் கொடுப்பார்கள் என்று?


தேக்காவாசி | 9 நவம்பர் 2025

எல்லாவற்றையும் படித்தேன், இரண்டு நாள் யோசித்தேன். 97 மாணவன் கடைசியில் கேட்டது தூங்கவிடவில்லை. கட்டுரைக்குப் பின்னால் ஒரு ஆள் இல்லையென்றால் எழுதக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் வசிப்போர் குழு அறையை டிசம்பர் 14, ஞாயிறு மதியம் 2-லிருந்து 5 வரை கேட்டு வாங்கியிருக்கிறேன். இடமும் நேரமும் கட்டுரையின் இரண்டாவது பத்தியிலேயே வரும், வெட்டினாலும் போகாது. இங்கே 2014-லிருந்து நடக்கும் ரிப்பேர் கோப்பித்தியாமில் விசிறியையும் வானொலியையும் எடுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பழுதுபார்க்கக் கற்றுக்கொள்கிறார்களே, அதே மாதிரி, மடிக்கணினிக்கு.

தொடக்கம் இப்படி வைத்திருக்கிறேன்:

“தகவல் தொழில்நுட்பம் வேகமாக வளர்ந்துவரும் இன்றைய காலகட்டத்தில், பழைய கணினிகளை என்ன செய்வது என்பது பலரையும் வாட்டும் கேள்வியாக உள்ளது. இதற்குக் கட்டற்ற மென்பொருள்கள் சிறந்த தீர்வாக அமைகின்றன.”


நாளிதழ்க்காரர் | 9 நவம்பர் 2025

முடிவு அருமை தம்பி. தொடக்கத்தை எடுத்துவிடுங்கள். ‘இன்றைய காலகட்டத்தில்’ என்று தொடங்கும் கட்டுரை ஆயிரம் படித்திருக்கிறேன், வாசகரும் படித்திருக்கிறார். பக்கத்தைப் புரட்டிவிடுவார். இப்படிப் பாருங்கள்:

“உங்கள் வீட்டு அலமாரியின் மேல் தட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறதா? விண்டோஸ் 11-க்கு அது ஒத்துவராது என்று திரையில் செய்தி வந்ததா? அதைக் குப்பையில் போடுவதற்கு முன் டிசம்பர் 14, ஞாயிறு மதியம் எங்களிடம் எடுத்து வாருங்கள். உங்கள் கணினியில் எதையும் மாற்றாமல், ஒரு பென்டிரைவிலிருந்து வேறோர் இயங்குதளத்தை ஓட்டிக் காட்டுகிறோம். பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசலாம்.”

‘எதையும் மாற்றாமல்’ என்பதை நான் உங்கள் முதல் கட்டுரையின் நடுவிலிருந்து எடுத்தேன், பதினோராவது பத்தியில் அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருந்தது. பயப்படும் ஒருவருக்கு முதலில் தேவை அந்தச் சொல்தான். கோலம் மூன்றாவது பத்தி. ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற பெயரை அங்கே ஒரே ஒரு தடவை அறிமுகம் செய்யுங்கள். ‘இலவசம்’ கட்டுரையில் எங்கும் வேண்டாம். தலைப்பையும் நீங்களே எழுதிக் கொடுங்கள், ஐந்து சொல்லுக்குள். எழுதாவிட்டால் மேசையில் இருப்பவர் எழுதுவார். ‘பழைய மடிக்கணினியை வீசாதீர்கள்’ என்று வையுங்கள்.


ஈசூன் அப்பா | 9 நவம்பர் 2025

14-ஆம் தேதி நானும் வருகிறேன். ஒன்று மட்டும்: யாருடைய கணினியிலும் அவர் கோப்புகளைப் படியெடுத்து வைக்காமல் நிரந்தரமாக நிறுவ வேண்டாம். இரண்டு வெளிவட்டு கொண்டுவருகிறேன்.


வரவு செலவு | 10 நவம்பர் 2025

நானும். அலுவலகக் கோப்பு பற்றிக் கேட்பவர்களை என்னிடம் அனுப்புங்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.


தேக்காவாசி | 15 டிசம்பர் 2025

நேற்று நடந்தது. விவரமாக எழுதுகிறேன்.

கட்டுரை முதல் வாரத்தில் வந்தது. 410 சொல் அனுப்பினேன், 390 வந்தது. தலைப்பு நாங்கள் வைத்ததே. ஒன்பது பேர் வந்தார்கள். ஏழு பேர் கையில் மடிக்கணினி, இருவர் சும்மா பார்க்க. குமரன் துவாஸிலிருந்து பேருந்து மாறி மாறி வந்து, கடைசி வரை இருந்தார்.

ஏழில் ஐந்து பென்டிரைவிலிருந்து உடனே எழுந்துவிட்டன. ஒன்றின் மதர்போர்டே செத்திருந்தது, மின்கழிவுத் தொட்டிக்குத்தான் போக வேண்டும், அதை அப்படியே சொல்லிவிட்டோம். இன்னொன்றில் வைஃபை வரவில்லை. குமரன்தான் தன் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் செருகி அதற்கு இணையம் கொடுத்தார், டிரைவர் மேனேஜரைத் திறந்ததும் பிராட்காம் வைஃபை சில்லுக்கான இயக்கி இருப்பதாகக் காட்டியது, போட்டோம், பிடித்துக்கொண்டது. கணினிக்குச் சொந்தக்காரரான அம்மா எழுந்து நின்று கைதட்டினார். மூன்று பேர் நிறுவிக்கொண்டார்கள். இரண்டு பேர் வீட்டில் கேட்டுவிட்டு ஜனவரியில் வருகிறோம் என்றார்கள். ஒருவர் வரவு செலவு அண்ணனிடம் இருபது நிமிடம் பேசிவிட்டு, தனக்கு விண்டோஸ்தான் சரி என்று சொல்லி நன்றியோடு போனார்.

புக்கிட் பாத்தோக் பெரியவரின் எண் என் அழைப்புப் பட்டியலில் இருந்தது. கட்டுரை வருவதற்கு முன்பே அழைத்தேன். “போன தடவை சரியாப் பதில் சொல்லல ஐயா, மன்னிச்சிடுங்க, இந்த ஞாயித்துக்கிழமை வாங்க” என்றேன். சரியாக இரண்டு மணிக்கு வந்துவிட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு கோயிலின் உறுப்பினர் பட்டியலையும் திருவிழா உபயக் கணக்கையும் பல வருடமாகத் தமிழில் தட்டி வைத்திருக்கிறார், மூன்று கோப்பு. அவற்றைத் தட்டிய முந்தைய கணினி போனதோடு அந்த எழுத்துருக்களும் போய்விட்டன. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டுகிறது. இத்தனை நாளும் அவர் கோப்புகள் இருக்கும் இந்த மடிக்கணினியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததே அதற்காகத்தான்.

முதல் கோப்பு பாமினி, இரண்டாவது டிஸ்கி, இரண்டும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கங்கள். ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பில் இருக்கும் மாற்றியை ஈசூன் அப்பா ஓட்டினார். லிப்ரேஆஃபிஸில் திறந்ததும் முதல் வரியில் உறுப்பினர் பெயர் தமிழில் வந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, திரைக்குக் கிட்டே போய், விரல் வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். சிலர் இப்போது இல்லை என்றார்.

மூன்றாவது கோப்புதான் மாட்டிக்கொண்டது. உபயக் கணக்கு அதில்தான் இருக்கிறது. டாம், டாப் என்ற வேறு இரண்டு பழைய குறியாக்கங்களையும் முயன்றுவிட்டோம். மெய்யெழுத்துகள் பாதி சரியாக வருகின்றன, உகர ஊகாரங்கள் எல்லாம் குழம்புகின்றன. 1990-களின் கடைசியில் இங்கே ஓர் அச்சகத்தில் கொடுத்த எழுத்துரு என்று மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது. 97 மாணவன், உங்கள் பழைய நெகிழ்வட்டுகள் ஏதாவது இன்னும் இருக்கிறதா? அந்தக் காலத்து எழுத்துருக் கோப்பு ஒன்று கிடைத்தால்கூடப் போதும், மாற்று அட்டவணையை நானே உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். ஜனவரி 11 வரைக்கும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.


97 மாணவன் | 15 டிசம்பர் 2025

பரணில் ஒரு பெட்டி இருக்கிறது. நெகிழ்வட்டு படிக்கும் கருவிதான் இல்லை. யாரிடமாவது இருக்கிறதா?


துவாஸ் குமரன் | 15 டிசம்பர் 2025

நான் மடிக்கணினி வாங்கிய கடையில் ஒன்று கிடந்ததைப் பார்த்தேன் அண்ணே, யூஎஸ்பியில் செருகுவது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.